ஒரே வருடம், ஒரே பத்து சென்ட்: ஒரு வாத்துக்கு மட்டும் ஏன் விலை?

தாத்தாவின் ட்ரங்குப் பெட்டியில் கிடைத்த காமிக்ஸ் புத்தகங்களைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். தூத்துக்குடியிலிருந்து சரக்குக் கப்பலில் வேலைக்குப் போனவர் 1950-களில் இறங்கிய துறைமுகங்களில் எல்லாம் வாங்கிச் சேர்த்தவை: டொனால்ட் டக், அவருடைய பணக்கார மாமா வாத்தான அங்கிள் ஸ்க்ரூஜ், டாம் அண்ட் ஜெர்ரி, வுட்டி வுட்பெக்கர், கொஞ்சம் கௌபாய் புத்தகங்கள். கூடவே உங்கள் அப்பா பள்ளிக்கூட நாட்களில் வாங்கிய முத்து காமிக்ஸ் ஒரு கட்டு. இணையத்தில் தேடிப் பார்த்தால் ஒரு ஸ்க்ரூஜுக்கு மலைக்கவைக்கும் விலை. அதே கம்பெனி, அதே வருடம், அதே பத்து சென்ட் டாம் அண்ட் ஜெர்ரியைச் சீந்துவார் இல்லை. "இதில் எது தேறும், ஏன் இப்படி?" என்பது கேள்வி. நீங்கள் விலைப்பட்டியல் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். பழசானால் மதிப்பு கூடும் என்று நாம் எல்லாரும் போட்டு வைத்திருக்கிற கணக்கு இந்தப் பெட்டிக்குள் மட்டும் ஏன் உதைக்கிறது என்று கேட்கிறீர்கள்.

நான் பாளையங்கோட்டையில் முப்பது வருடத்துக்கு மேலாகப் புத்தகம் பைண்டிங் செய்கிறவன். காமிக்ஸ் சேர்ப்பது அதைவிடப் பழைய பழக்கம். தாளைத் தொட்டுப் பார்த்தால் அதன் நிலைமை ஓரளவு பிடிபடும். வெளிநாட்டு ஏலங்களில் எது எவ்வளவுக்குப் போகிறது என்று இருபது வருடமாகக் கவனித்தும் வருகிறேன். ஆனால் நான் வியாபாரி இல்லை. நீங்கள் போட்டிருக்கும் நான்கு படங்களை வைத்து இது இவ்வளவுக்குப் போகும் என்று என்னால் சொல்ல முடியாது. கையில் வாங்கிப் புரட்டாமல் அப்படிச் சொல்கிறவர்களை நீங்களும் நம்ப வேண்டாம். காரணத்தை மட்டும் எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

முதலில் வயது. உங்கள் பெட்டியில் இருப்பவற்றில் பெரும்பாலானவை டெல் கம்பெனி வெளியிட்டவை. அந்தக் காலத்தில் அமெரிக்காவில் டெல் புத்தகங்கள் மளிகைச் சாமான் மாதிரி விற்றன. டிஸ்னி பாத்திரங்களை வைத்து 1940-ல் தொடங்கிய மாத இதழ் ஒன்று 1950-களின் தொடக்கத்தில் மாதத்துக்கு முப்பது லட்சம் பிரதிகளைத் தாண்டி விற்றது. முப்பது லட்சம் அச்சான ஒன்று எழுபது வருடம் கழித்தும் அபூர்வம் ஆகிவிடாது. இதற்கு நேர் எதிரான உதாரணமும் உண்டு. 1980-ல் விட்மன் என்ற பெயரில் வந்த அங்கிள் ஸ்க்ரூஜ் 179-ஆம் இதழ், கடையில் தனியாகத் தொங்கவிடப்படாமல் மூன்று மூன்றாகப் பையில் போட்டு விற்கப்பட்டது. அதுவும் வெகு சில இடங்களுக்கே போனது. சேகரிப்பாளர்கள் இன்று அதற்காக அலைகிறார்கள். 1953-ல் வந்த ஒரு சாதாரண வுட்டி வுட்பெக்கரைவிட 1980-ல் வந்த இந்த ஸ்க்ரூஜுக்கு மதிப்பு அதிகம். ஆகவே அட்டையில் இருக்கும் வருடத்தைப் பார்த்துப் பெட்டியைப் பிரிக்காதீர்கள்.

அப்புறம் எதைப் பார்த்துப் பிரிப்பது? என் அனுபவத்தில் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: இந்தப் பாத்திரம் தாளில் பிறந்ததா, திரையில் பிறந்து தாளுக்கு வந்ததா? ஸ்க்ரூஜ் தாளில் பிறந்தவர். 1947 டிசம்பரில் வந்த ஒரு கிறிஸ்துமஸ் கதையில், பெரிய மாளிகையில் தனியாக உட்கார்ந்து எல்லாரையும் வெறுக்கும் ஒரு கிழட்டுக் கஞ்சனாக, அந்த ஒரு கதைக்காக மட்டும் உருவாக்கப்பட்டார். உருவாக்கியவர் கார்ல் பார்க்ஸ். 1901-ல் பிறந்தவர். 1935-ல் டிஸ்னி ஸ்டூடியோவில் சேர்ந்து, 1942-ல் அதை விட்டு வெளியே வந்து, 1966-ல் ஓய்வு பெறும்வரை வாத்துக் கதைகளை எழுதி வரைந்தவர். சிறியதும் பெரியதுமாக ஐந்நூறுக்கு மேல். டொனால்ட் திரையில் பிறந்தவர்தான். ஆனால் சினிமாவில் கோபம் வந்தால் கத்திக் கூச்சல் போடும் ஒரு வாத்து, பார்க்ஸ் கையில் வேலை தேடி அலைகிற, கடன் வாங்குகிற, மூன்று மருமகன்களை வளர்க்கிற ஒரு மனிதராகிவிட்டார்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. அந்தப் புத்தகங்களில் பார்க்ஸின் பெயர் கிடையாது. யார் வரைந்தாலும் வால்ட் டிஸ்னி என்றுதான் அச்சாகும். அப்படியும் பத்து வயதுப் பிள்ளைகள் வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். இந்த மாத வாத்து 'நல்ல வாத்து', போன மாதம் வந்தது வேறு யாரோ வரைந்தது என்று பிரித்துச் சொன்னார்கள். பெயர் தெரியாததால் அவரை 'நல்ல வாத்து ஓவியர்' என்றே அழைத்தார்கள். 1960-ல்தான் வாசகர் ஒருவர் விடாமல் விசாரித்து அவர் பெயரைக் கண்டுபிடித்துக் கடிதம் எழுதினார். கோவில்பட்டியிலோ கல்லிடைக்குறிச்சியிலோ ஒரு தவில்காரரின் அடியை வைத்து, ஆளைப் பார்க்காமலே இன்னார் வாசிக்கிறார் என்று சொல்லிவிடும் ரசிகர்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த மாதிரிதான் இதுவும். விலை என்ற பேச்சே எழாத காலத்தில், பிள்ளைகளின் கண் தரம் பிரித்து வைத்துவிட்டது. பின்னால் வந்த சந்தை அதன்மேல்தான் கட்டிடம் எழுப்பியது.

ஆகவே உங்கள் டொனால்ட் புத்தகங்களை எல்லாம் ஒரே அடுக்கில் வைக்காதீர்கள். அட்டையில் டொனால்ட் இருந்தாலும் உள்ளே பார்க்ஸ் இருக்க வேண்டும் என்று இல்லை. உள்ளே பார்க்ஸ் இருந்து அட்டையை வேறொருவர் வரைந்ததும் உண்டு. 1949-ல் வந்த ஒன்றில் டொனால்டும் பிள்ளைகளும் சதுர முட்டையைத் தேடி ஆண்டீஸ் மலைக்குப் போவார்கள். மூடுபனிக்கு நடுவே ஒரு ஊர், அந்த ஊரில் எல்லாமே சதுரம். அந்தக் கதையை ஒரு முறை படித்தவர் மறக்க மாட்டார். எழுபது வருடமாக அதை யாரோ ஒருவர் எங்கோ புதிதாகப் படித்துக்கொண்டே இருக்கிறார். அப்படிப் படிக்கிறவர்களில் சிலருக்கு வயதும் வருமானமும் கூடும்போது முதல் அச்சைக் கையில் வைத்துப் பார்க்க ஆசை வருகிறது. மதிப்பு நிலைத்து நிற்பது இந்த ஆசையால்தான்.

டாம் அண்ட் ஜெர்ரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1940-ல் திரைக்கு வந்தது. அதன் உயிரே ஓட்டமும் இசையும். பேச்சு அநேகமாகக் கிடையாது. புத்தகத்துக்கு வரும்போது ஓட்டம் நின்றுவிட்டது, இசை போய்விட்டது, பூனையும் எலியும் பேச ஆரம்பித்தன. பூனையும் எலியும் பலூனுக்குள் பேசிக்கொண்டிருந்தால் அது வேறு ஏதோ ஒரு கதை. அந்தப் படங்களை வரைந்தவர்கள் தொழில் தெரியாதவர்கள் இல்லை. கோடுகள் சுத்தமாக இருக்கும், பார்க்க லட்சணமாக இருக்கும். ஆனால் டாம் அண்ட் ஜெர்ரி வேண்டும் என்கிறவர் படத்தைப் போட்டுப் பார்த்துவிடுவார். புத்தகத்தைத் தேடிப் போக அவருக்குக் காரணம் இல்லை. பக்ஸ் பன்னிக்கும் வுட்டி வுட்பெக்கருக்கும் இதே கதிதான். இவற்றிலும் ஆரம்ப இதழ்களுக்கும் மிக நல்ல நிலையில் இருப்பவற்றுக்கும் ஆள் உண்டு. நடுவில் வந்த நூற்றுக்கணக்கான இதழ்களுக்குத்தான் இல்லை.

இது வாத்துக்கு மட்டும் பொருந்துகிற விஷயம் என்று நினைத்துவிட வேண்டாம். அதே டெல் கம்பெனியில் 1945-லிருந்து லிட்டில் லூலூ என்ற குறும்புக்காரச் சிறுமியின் கதைகள் வந்தன. எழுதியவர் ஜான் ஸ்டான்லி. அவர் பெயரும் புத்தகத்தில் இருக்காது. அவையும் மதிப்பு நின்றவைதான். போகோ என்ற போசம் (வயிற்றுப் பையில் குட்டி வளர்க்கும் ஒரு சிறு அமெரிக்க விலங்கு) முதன்முதலில் தலைகாட்டிய 1942 இதழும் அப்படியே. அதை வரைந்த வால்ட் கெல்லியின் கைக்கு இன்றைக்கும் ரசிகர்கள் இருக்கிறார்கள். உங்கள் பெட்டியில் கண்ணைச் சுருக்கிப் பார்த்தபோது மூன்றாவது படத்தின் ஓரத்தில் சிவப்புச் சட்டை போட்ட ஒரு சிறுமி தெரிந்தாள். லூலூவாக இருந்தால் அதைத் தனியாக எடுத்து வையுங்கள்.

இந்த விதிக்கு விலக்கும் உண்டு. ஸ்கூபி டூ திரையில் பிறந்ததுதான். 1969-ல் தொலைக்காட்சியில் வந்து, 1970-ல் கோல்டு கீ கம்பெனி புத்தகமாகப் போட்டது. அந்த முதல் இதழுக்கு இன்று நல்ல கிராக்கி. அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் இப்போது சம்பாதிக்கிற வயதில் இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளும் அதைப் பார்க்கிறார்கள். மாறாக, உங்கள் கௌபாய் புத்தகங்களைப் பாருங்கள். ராய் ராஜர்ஸ், ஜீன் ஆட்ரி எல்லாம் அந்தக் காலத்தில் அமெரிக்கப் பிள்ளைகளின் எம்ஜிஆர், சிவாஜி. அவர்களைத் திரையில் பார்த்துக் கைதட்டிய தலைமுறை வயதாகி மறைய மறைய, அந்தப் புத்தகங்களை வாங்குகிறவர்களும் குறைந்துபோனார்கள். எத்தனை பேர் இன்னமும் ஆசைப்படுகிறார்கள் என்பதே கேள்வி என்றால், வாத்துகள் இன்னொரு வகையிலும் தப்பித்துக்கொண்டன. அமெரிக்காவில் ஆர்வம் குறைந்தபோதும் பின்லாந்து, டென்மார்க், ஜெர்மனி, இத்தாலியில் பிள்ளைகள் வாரா வாரம் படித்துக்கொண்டிருந்தார்கள். பின்லாந்தில் 1951-ல் தொடங்கிய டொனால்ட் வார இதழ் இன்றும் வருகிறது. அங்கெல்லாம் வளர்ந்தவர்களும் முதல் அமெரிக்க அச்சைத் தேடி வருகிறார்கள். ஒரு நாட்டின் ஞாபகத்தை மட்டும் நம்பி நிற்காத பொருள் சீக்கிரம் சரியாது.

இனி என் தொழிலுக்கு வருகிறேன், தாளுக்கு. முப்பது லட்சம் அச்சான ஒன்றுக்கும் ஏன் சில சமயம் பெரிய விலை கிடைக்கிறது என்றால், அந்த முப்பது லட்சத்தில் அநேகமாக எல்லாமே பிள்ளைகள் கையில் கிழிந்தவை. அதற்கு முன் வந்தவை வேறு வகையிலும் அழிந்தன: இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அமெரிக்கப் பிள்ளைகள் வீடு வீடாகப் பழைய தாள் சேகரித்துக் கொடுத்தார்கள். அதில் காமிக்ஸும் கட்டுக்கட்டாகப் போனது. நம் வீடுகளில் தீபாவளிக்கு வெள்ளையடிக்கும்போது பரணைக் காலி செய்து எடைக்குப் போடுவது போல. மிச்சம் இருப்பவையும் மலிவான அச்சுத்தாள். மரக்கூழை அப்படியே அரைத்துச் செய்த அந்தத் தாளில் லிக்னின் என்ற பொருள் தங்கிவிடுகிறது. வெளிச்சமும் சூடும் படும்போது அது பழுப்பாகி, அமிலம் ஊறி, தாள் அப்பளமாக ஆகிவிடும். நம் ஊர் சித்திரை வெயிலில் தகர ட்ரங்கு எப்படிச் சுடும் என்று உங்களுக்கே தெரியும். தென்காசிப் பக்கம் என்றால் சாரல் காலத்து ஈரம் வேறு.

ஒரு புத்தகத்தை எடுத்து இப்படிப் பாருங்கள். மேசை மேல் சுத்தமான துணியை விரித்து, கையைக் கழுவித் துடைத்துவிட்டு, புத்தகத்தை முழுக்கத் திறக்காமல் பாதி மட்டும் திறங்கள். நடுப்பக்கத்தில் இரண்டு பின் இருக்கும். அதைச் சுற்றித் தாளில் செந்நிறமாக ஒரு வட்டம் படர்ந்திருக்கிறதா? அது துரு. துரு ஏறிய இடத்தில் தாள் வலுவிழந்து, அட்டை முதலில் அங்கேதான் பிய்த்துக்கொள்ளும். பின்னின் கால்கள் இரண்டும் ஒரே மாதிரி மடிந்திருக்கின்றனவா, தாளில் கூடுதல் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். கூடுதல் ஓட்டை இருந்தால் யாரோ பின்னை மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்புறம் நடுப்பக்கத்தைத் தொட்டு, அது இரண்டு பின்னிலும் பிடித்து நிற்கிறதா என்று பாருங்கள். நடுத்தாள் காணாமல் போன புத்தகங்கள் நிறைய. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. கடைசியாக முகர்ந்து பாருங்கள். பழைய தாளின் மணம் பரவாயில்லை; புளித்த வாடை அடித்தால் பூஞ்சை. இராமபாணப் பூச்சி அரித்திருந்தால் அட்டையின் வழுவழுப்பு மேல்தோல் மட்டும் ஒழுங்கில்லாமல் சுரண்டியது போல இருக்கும்.

2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு என் கடைக்கு வந்த புத்தகங்களை இன்னும் மறக்க முடியவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிய வாரம் அது. சிந்துபூந்துறை, வண்ணார்பேட்டை, கைலாசபுரம் பக்கமெல்லாம் தாமிரபரணி வீட்டுக்குள் வந்துவிட்டது. ஒருவர் அரிசிச் சாக்கில் போட்டு எடுத்து வந்தார், இருபத்தைந்து வருடச் சேகரிப்பு. வழுவழுப்பான அட்டை நனைந்து காயும்போது ஒன்றோடொன்று ஒட்டிப் பலகையாகிவிடும். அதற்குப் பிறகு யாராலும் பிரிக்க முடியாது. ஈரமாக இருக்கும்போதே கொண்டுவந்திருந்தால் பக்கத்துக்குப் பக்கம் மை உறிஞ்சும் தாள் வைத்து, விசிறிக் காற்றில் கொஞ்சமாவது மீட்டிருக்கலாம். அவர் வெயிலில் காயவைத்துவிட்டு வந்தார். எல்லாரும் அதைத்தான் செய்வார்கள். அவரைக் குறை சொல்ல முடியாது. உங்கள் ட்ரங்கு தரையில் இருந்தால் இன்றைக்கே நாற்காலி உயரத்துக்கு மேலே ஏற்றிவிடுங்கள்.

நான் செய்த தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பள்ளி ஆசிரியர் நாற்பது முத்து காமிக்ஸ் கொண்டுவந்து நாலு வால்யூமாக பைண்டிங் செய்து தரச் சொன்னார். பழைய பின்களைப் பிடுங்கி, தையல் போட்டு, மூன்று பக்கமும் மெஷினில் வைத்து ஒரு சீராக வெட்டி, மயில்துத்தம் கலந்த மைதா பசையில் அட்டை ஒட்டி, முதுகில் தங்க எழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இரண்டு பேருக்கும் அவ்வளவு சந்தோஷம். பதினைந்து வருடம் கழித்து, மகள் கல்யாணச் செலவுக்காக அவற்றை விற்கலாமா என்று கேட்டு அதே நாலு வால்யூமோடு வந்தார். அதில் முதல் வருடத்து இதழ்கள் இருந்தன. தனித்தனியாக, வெட்டுப்படாமல் இருந்திருந்தால் நல்ல விலைக்கு வாங்க எனக்குத் தெரிந்த இரண்டு பேர் இருந்தார்கள். வந்து பார்த்தவர்கள் ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, வெட்டிட்டீங்களே" என்றார்கள். படிப்பதற்காக ஒருவர் சொற்ப விலைக்கு வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து காமிக்ஸ் பைண்டிங்குக்கு வந்தால் எதுவும் பேசுவதற்கு முன் இந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் அப்பாவின் கட்டுக்கு வருவோம். 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும் அந்த ஆள், இங்கிலாந்தில் 1962-ல் ஒரு வார இதழில் பிறந்தவர். அவரும் தாளில் பிறந்தவர்தான், கவனியுங்கள். 1984-ல் லயன் காமிக்ஸ் வந்தது, ராணி காமிக்ஸும் அதே வருடம். கார்ட்டூன் வகையில் லக்கி லூக்கையும் சிக் பில்லையும் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கொண்டுவந்தது சிவகாசிதான். இங்கே இன்னொரு கையும் சேர்கிறது: மொழிபெயர்த்தவரின் கை. லக்கி லூக்கின் கோடு பெல்ஜியத்து மோரிஸுடையது. ஆனால் நம் வாசகர்கள் நாற்பது வருடம் கழித்தும் ஒப்பிப்பது தமிழ் வசனங்களை. பழைய இதழ்களில் ஆசிரியர் எழுதிய ஹாட்-லைன் பகுதி, வாசகர் கடிதம், அடுத்த வெளியீட்டு விளம்பரம் எல்லாம் சேர்ந்துதான் அந்தப் புத்தகம். கதையை மட்டும் பிரித்தெடுத்துக் கொடுத்தால் பாதி ரசிகர்களுக்குப் போதாது.

மறுபதிப்பு வந்தால் பழைய இதழின் விலை விழுமா என்று உங்கள் கேள்விக்குக் கீழே இன்னொருவர் கேட்டிருந்தார். மாயாவி கதைகள் பல முறை மறுபதிப்பு ஆகியிருக்கின்றன. நான் பார்த்தவரை நடப்பது இது: படிக்க மட்டும் ஆசைப்பட்டவர்கள் மறுபதிப்போடு நின்றுவிடுகிறார்கள். அதனால் அட்டை போன, சுமாரான பழைய பிரதிகளின் விலை இறங்குகிறது. முழுமையான, நல்ல நிலையில் உள்ள முதல் பதிப்புக்கு ஒன்றும் ஆவதில்லை. சில சமயம் புது வாசகர்கள் வந்து ஏறியும் இருக்கிறது. பார்க்ஸ் கதைகளிலும் இதையேதான் பார்க்கிறோம். அவர் ஓய்வு பெற்ற பிறகு பல வருடம் அவருடைய பழைய கதைகளையே திரும்பத் திரும்பப் போட்டார்கள். யாருக்கும் கிடைக்காமல் போயிருந்தால் யாருக்கும் ஞாபகமும் இருந்திருக்காது. இது நான் கண்டதிலிருந்து சொல்வது. கணக்கெடுத்து நிரூபித்தது அல்ல.

உறுதியாகச் சொல்லக்கூடியவை என்று கேட்டால், பாத்திரத்தின் முதல் தோற்றம், தெரிந்த ஒரு கையின் கதை, கிழியாத வெட்டாத முழுப் பிரதி இவை மூன்றும் சேர்ந்தால் மதிப்பு நிற்கும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இந்தப் போக்கு இன்னும் முப்பது வருடம் நீடிக்குமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. பார்க்ஸைப் பிள்ளைகளாகப் படித்த அமெரிக்கர்களுக்கும் வயதாகிவிட்டது. கௌபாய் புத்தகங்களுக்கு நடந்தது வாத்துக்கு நடக்கவே நடக்காது என்று நான் கையடித்துச் சொல்ல மாட்டேன். கல்யாணச் செலவு, வீட்டுக் கடன் என்று இந்தப் பெட்டியை நம்பி எதையும் தொடங்க வேண்டாம்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஒவ்வொரு டெல் புத்தகத்திலும் அட்டையின் உள்பக்கத்திலோ முதல் பக்கத்தின் அடியிலோ பொடி எழுத்தில் நாலைந்து வரி இருக்கும். அதில் இதழின் எண்ணும் வருடமும் உண்டு. நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஸ்க்ரூஜ் புத்தகத்தில் 386 என்று இருந்தால் 386-ஆவது ஸ்க்ரூஜ் என்று நினைத்துத் தள்ளிவிடாதீர்கள். அது டெல்லின் பொதுவான ஒரு வரிசையின் எண்; அந்த வரிசையில் வேறு வேறு பாத்திரங்கள் மாறி மாறி வருவார்கள், எண் மட்டும் தொடர்ந்து ஓடும். 1952 மார்ச்சில் வந்த 386 தான் ஸ்க்ரூஜின் பெயரில் வந்த முதல் புத்தகம். 456, 495 அடுத்த இரண்டு. நான்காவதிலிருந்துதான் சொந்த எண் தொடங்குகிறது. இந்த மூன்று எண்ணில் எது இருந்தாலும் அதை மறுபடி புரட்டாமல் தனியே வையுங்கள்.

செல்லோடேப் ஒட்டாதீர்கள், ஒட்டியிருந்தால் பிடுங்காதீர்கள். லேமினேஷன் என்ற பேச்சே வேண்டாம். ஸ்டேஷனரிக் கடையில் விற்கும் தடிமனான, வாடை அடிக்கும் பிளாஸ்டிக் உறை நாளடைவில் அட்டையில் ஒட்டிக்கொள்ளும். மெல்லிய பாலிப்ரொப்பிலீன் பை போதும், பின்னால் அமிலம் இல்லாத அட்டை ஒன்று. பாச்சா உருண்டையை உறைக்குள் போடாமல் பெட்டியின் மூலையில் துணியில் முடிந்து வையுங்கள். அமெரிக்காவுக்கு அனுப்பித் தரம் போட்டு வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அங்கே 2000-லிருந்து பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தருகிறார்கள். சரி செய்யப்பட்ட பிரதிக்கு ஊதா நிற லேபிள். அது ஒட்டினால் வாங்குகிறவர் யோசிப்பார். போக வரத் தபால் செலவு, காப்பீடு, கட்டணம் எல்லாம் கூட்டினால் முதல் வரிசைப் புத்தகம் ஒன்றிரண்டுக்குத்தான் கட்டுப்படியாகும். மற்றவற்றை அனுப்ப வேண்டாம்.

கடைசியாக, தாத்தா ஒவ்வொரு அட்டையின் மூலையிலும் துறைமுகத்தின் பெயரையும் தேதியையும் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார், அதை ரப்பர் வைத்து அழித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அழிக்காதீர்கள். ரப்பர் தேய்த்தால் அட்டையின் மேல்பூச்சு மங்கி, அந்த இடம் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கும்போது தனியாகத் தெரியும். பென்சில் எழுத்தைவிட அது பெரிய குறை. அந்தக் காலத்துக் கடைக்காரர்களே வந்த தேதியைப் பென்சிலால் எழுதுவது வழக்கம். வாங்குகிறவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். டாம் அண்ட் ஜெர்ரி ஒன்றில் 'கொழும்பு, 14-3-54' என்று தமிழில் எழுதியிருக்கிறது. விலை போகாத அந்தப் புத்தகத்துக்கும் ஒரு நல்ல உறை போடுங்கள்.